அத்தியப்பனின் தாகம்

எருக்கலாம்பாளையத்தில் மூன்றாவது வருஷமும் மழை ஏமாற்றிவிட்டுப் போன பிறகு, கிணறுகளின் அடியில் மைனாக்கள் குடும்பம் நடத்தத் தொடங்கி, முருங்கை மரங்கள்கூட இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்க, ஊரில் பச்சை என்று சொன்னால் கடையில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் குடங்களின் பச்சைதான் என்று ஆகிவிட்ட அந்தக் காலத்தில், மயிலாத்தாள் தினமும் மத்தியானம் ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தன் தோட்டத்துக்கும் தன் தம்பி தோட்டத்துக்கும் நடுவில் இருந்த வரப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, அவன் குடிப்பானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குடிக்க மாட்டான். தம்பியின் பெயர் அத்தியப்பன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவனுடைய கிணற்றுக்கு அறுபதடி தள்ளி மயிலாத்தாளும் அவள் புருஷன் கிட்டுசாமியும் போர் போட்டார்கள். எண்ணூறு அடி வரைக்கும் புழுதியாய்க் கக்கிக்கொண்டிருந்த குழாய் தொள்ளாயிரத்தில் தண்ணீரைக் கக்கியது, ஊரே வந்து பார்த்தது, தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். அதற்கு எட்டாம் நாள் அத்தியப்பனின் கிணற்றில் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. அன்றைக்கு அவன் அக்கா வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "இனி உன்ற ஊட்டுத் தண்ணி என்ற பல்லுல படாது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் எட்டு மாசத்தில் மயிலாத்தாளின் போரும் நாளைக்கு அரை மணி நேரம்தான் ஓடும் என்று ஆகிவிட்டது. அதிலும் வந்தது உப்புத் தண்ணீர்.

அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கையில் ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கி இரண்டு மடக்காவது குடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்றே கேட்பார்கள். சோறு வேண்டாம் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், காப்பி வேண்டாம் என்றால் பித்தம் என்று எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் வேண்டாம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் உறவே வேண்டாம் என்றுதான் அர்த்தம். அதை மாற்றவும் ஒரே வழிதான், அவனே வந்து அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தாலும் ஆகாது, கோயிலில் வைத்துக் கைகோக்க வைத்தாலும் ஆகாது.

மயிலாத்தாளுக்குப் பிள்ளை இல்லை. அம்மா செத்தபோது அத்தியப்பனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதிமூன்று. இடுப்பில் வைத்துத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, இன்னமும் அவள் நடந்தால் அந்தச் சாய்வு தெரியும். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் கல்யாணத்துக்கு அப்புறமும் அவளிடம்தான் வளர்ந்தான். அவன் வீம்பு எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு அளவு தெரியும், அதனால் அவன் மனசு இளகும் என்று அவள் காத்திருக்கவில்லை, அவன் தாகத்தைத்தான் நம்பியிருந்தாள். அவன் வீடு ஒன்றரை மைலுக்கு அப்பால். கொண்டுவரும் பாட்டில் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். சித்திரை வெயிலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே செம்பு இருக்கும். அவன் அதைப் பார்ப்பான். தொண்டைக்குமிழ் ஒருதரம் மேலேறி இறங்குவது வேப்பமரத்தடியிலிருந்தே அவளுக்குத் தெரியும். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மூன்று வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் இருந்த பேச்சுவார்த்தை அந்த ஒரு பார்வைதான், அவளும் அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அவன் தொடாத தண்ணீரை என்ன செய்வது என்பது ஒரு கஷ்டம். லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து, வரிசையில் நின்று, சண்டை போட்டு, குடத்தில் பிடித்த நல்ல தண்ணீர், அதை மண்ணில் ஊற்றினால் பாவம். இன்னொருத்தருக்கென்று வைத்த தண்ணீரைத் தான் குடிக்கவும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் பொழுது சாய்ந்ததும் செம்பை எடுத்துவந்து தோட்டத்துக் கொட்டகையில் இருந்த நீல டிரம்மில் ஊற்றிவைத்தாள். ஆவியானது போக டிரம்மில் எப்போதும் முக்கால்வாசித் தண்ணீர் நின்றது.

அந்த வருஷம் அரை ஏக்கரில் கத்தரி நட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டும் செடிகள் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன, இலைகள் அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டன. அப்போதுதான் தோட்டக்கலைக்காரப் பெண் ஹேமலதா தன் ஸ்கூட்டரில் ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்தாள். உள்ளே கறுப்பாக, பாகு மாதிரி ஏதோ இருந்தது, மூடியைத் திறந்ததும் உப்புக்கண்டமும் பாசியும் கலந்த ஒரு வாடை வந்தது.

"கடல்பாசிச் சாறுங்கம்மா. பத்து லிட்டர் டேங்குக்கு முப்பது மில்லி, பொழுதோட இலை நனைய அடிச்சுடுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா."

"ஒரமுங்களா, மருந்துங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"ரெண்டும் இல்லீங்க. செடிக்கு இது தண்ணி குடுக்காது. தண்ணி பத்தாதப்பத் தாங்கிக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கும். வேரு கொஞ்சம் ஆழமாப் போகும், இலை சீக்கிரம் வாடாது. அதுக்காகத் தண்ணியே வேண்டாம்னு நெனச்சுராதீங்க. சித்த கை குடுக்கும், அவ்வளவுதான்."

கிட்டுசாமி கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "எங்களுக்கு ஆரு சாமி சொல்லிக் குடுத்தாங்க? நாங்களாத்தான் தாங்கிட்டுக் கெடக்கறோம். அப்புடியே எனக்கும் முப்பது மில்லி ஊத்திட்டுப் போ."

ஹேமலதாவும் சிரித்தாள், சிரிக்கக்கூடத் தெம்பில்லாத சிரிப்பு. அன்றைக்கு அவள் போக வேண்டிய ஊர் இன்னும் ஐந்து இருந்தது. கிளம்பும்போது, "உப்புத் தண்ணியில கலக்கீராதீங்கம்மா, வேலை செய்யாது, நல்ல தண்ணிதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல தண்ணீர் என்று இருந்தது நீல டிரம்மில் இருந்ததுதான். மயிலாத்தாள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு அடிக்க முடியுமா, இதுவாவது பயன்படட்டும் என்று, மூன்று வருஷமாகத் தம்பி வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீரில் அந்தக் கறுப்புச் சாற்றைக் கலந்து, முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, சாய்ந்த இடுப்போடு வரிசை வரிசையாக நடந்து அடித்தாள். கடலையே பார்த்திராத அந்த ஊரில் அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கடல் வாடை வீசியது. நாய்கள் மேற்கே பார்த்துக் குரைத்தன. அந்தப் பாசி வந்த கடல் கிழக்கே என்று அவற்றுக்கு யார் சொல்வது.

இரண்டாவது தரம் அடித்த பிறகு செடிகள் தண்ணீரை நிறுத்திக்கொண்டன. சொட்டுக் குழாய்க்குக் கீழே விழுந்த ஈரம் விழுந்த இடத்திலேயே, விழுந்த அளவிலேயே, மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே கிடந்தது, வேர்கள் அதைத் தொடவில்லை. தொடாமலேயே செடிகள் இடுப்புயரம் வளர்ந்தன, இலைகள் கை அகலம் விரிந்தன, ஊதாப் பூ பூத்து, மினுமினுவென்று குண்டுக் கத்தரிக்காய் காய்த்துத் தொங்கின. மயிலாத்தாள் குழாயை அடைத்துவிட்டாள். கிட்டுசாமி வந்து ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்னா உட்ரு, அதுகளை எதுக்குக் கட்டாயப்படுத்தற" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஊரும் வந்து பார்த்தது. கிணற்றில் மைனா குடியிருக்கும் வருஷத்தில் செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது ஒன்றும் பெரிய அதிசயமாக யாருக்கும் படவில்லை, காய் என்ன விலை என்று மட்டும் கேட்டார்கள். செவ்வாய்ச் சந்தையில் வேறு காயே இல்லை. அரை ஏக்கர்க் கத்தரிக்காய் ஊருக்கே சரியாகப் போயிற்று.

காலையில் கத்தரிக்காய்க் குழம்பு, மத்தியானம் கத்தரிக்காய்ப் பொரியல், ராத்திரிக்குச் சுட்டுக் கடைந்த கத்தரிக்காய் என்று பங்குனி முழுக்கச் சாப்பிட்டார்கள். ஒருநாள் மயிலாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது, தான் முந்தாநாள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டோமோ என்று எழுந்துபோய் ஒரு செம்பு மொண்டு வாயில் வைத்துப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்தவன் வாயில் யாரோ இன்னொரு கவளத்தைத் திணிப்பதுபோல் இருந்தது. திரும்பப் பானையிலேயே ஊற்றிவிட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டால் அங்கேயும் அப்படித்தான், எதிர்வீட்டில் ஒருவாரமாக அப்படித்தான், டீக்கடைக் காளியண்ணன் வீட்டிலோ பத்து நாளாயிற்றாம், அவர் அதைச் சொல்லும்போது நாங்கள்தான் முதல் என்பதுபோல் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ஊர் தாகத்தை இழந்ததற்கு ஒரு மாசத்தில் பழகிக்கொண்டது. நாக்கு வறளவில்லை, தலை சுற்றவில்லை, முகாம் போட வந்த நர்ஸ் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனாள். குளிக்க, சமைக்க, துவைக்க உப்புத் தண்ணீர் போதும். பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்கென்று அடித்த மணியை நிறுத்திவிட்டு அந்தப் பத்து நிமிஷத்துக்கும் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். காளியண்ணன் டீயைப் பாதி டம்ளராகக் குறைத்தார், அந்தப் பாதியும் பேச்சுக்குத் துணையாகத்தான். சித்திரை நோம்பிக்கு வழக்கம்போல் மோர்ப்பந்தல் போட்டு, மோர் கடைந்து வைத்து, ஒருத்தர்கூட வராமல், மூன்றாம் நாள் அத்தனை மோரையும் எருக்குழியில் கொட்டினார்கள். உறம்பரையென்று உறவுக்காரர்கள் வந்தால் என்ன கொடுப்பது என்று தெரியாமல் பெண்கள் "வாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள், சில வீடுகளில் விசிறியைக் கொடுத்தார்கள், சில வீடுகளில் நாற்காலியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்களும் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் வந்த காரியத்தைச் சொல்லாமலேயே திரும்பிப் போனார்கள்.

லாரி வந்தால் குடம் எடுத்து வருவோர் இல்லை. அட்டையில் தாள் செருகிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, "தண்ணித் தட்டுப்பாடு இருக்குதுங்களா?" என்று வீடுவீடாகக் கேட்டார். எருக்கலாம்பாளையத்துக்காரர்கள் பொய் சொல்லிப் பழகாதவர்கள், "இல்லீங்க" என்றார்கள். அந்த வாரத்தோடு லாரி நின்றது. வரிசையில் நின்று பேசிய பேச்செல்லாம் போயிற்றே என்று பெண்களுக்குத்தான் கொஞ்சம் வெசனமாக இருந்தது. அதையும் தாங்கிக்கொண்டார்கள்.

ஹேமலதா ஒருநாள் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். நோட்டில் ஒரு பக்கம் எழுதினாள், வாசித்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே கிழித்தாள். "இதை மேல அனுப்புனா என்னையத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க" என்றாள். "நான் தாங்கிக்கத்தானம்மா குடுத்தேன். தொலைச்சுக்கச் சொல்லலையே." அவளுடைய மற்ற ஐந்து ஊர்களிலும் அதே சாற்றை அடித்திருந்தார்கள், அங்கேயெல்லாம் செடி கொஞ்சம் பச்சையாக இருந்தது, மனுஷர்கள் எப்போதும்போல் தண்ணீருக்கு அலைந்தார்கள். இந்த ஊரில் மட்டும் ஏன் இப்படி என்று அவள் கேட்கவும் இல்லை, நீல டிரம்மைப் பற்றி மயிலாத்தாளுக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. ஹேமலதா தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தபோது, சுற்றி நின்றவர்கள் குழந்தைகள் மாதிரி வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள்.

இதில் யாரும் எதிர்பாராதது ஒன்று இருந்தது. தாகம் போனாலும் அசதி போகவில்லை, கூடித்தான் போயிற்று. முன்பெல்லாம் களை வெட்டுகிறவள் முக்கால் மணிக்கு ஒருதரம் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, மரத்தடி வரைக்கும் நடந்துபோய், நாலு மடக்குக் குடித்து, குடித்த சாக்கில் உட்கார்ந்து, உட்கார்ந்த சாக்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். அந்தச் சாக்கே இப்போது இல்லை. காலையில் குனிந்த முதுகு மத்தியானம் வரைக்கும் குனிந்தே கிடந்தது. வேலை வாங்குகிறவர்களுக்கு இது பிடித்திருந்தது, வேலை செய்கிறவர்களுக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை. பொழுதோட வீடு திரும்பும்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை, வழியில் பிணத்துக்குப் பின்னால் போகிறவர்கள் மாதிரி போனார்கள்.

மயிலாத்தாளுக்கு என்ன குறைந்தது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் மத்தியானச் செம்பை நிறுத்தவில்லை, பானையில் மிச்சம் இருந்த லாரித் தண்ணீரை மொண்டு வரப்பில் வைத்து, பொழுது சாய்ந்ததும் திரும்பப் பானையிலேயே ஊற்றினாள். அத்தியப்பன் நிமிர்ந்தான். அவன் கண் செம்பின் மேல் பட்டது, கல்லின் மேல் படுவதுபோல் பட்டது, அப்படியே நகர்ந்து போயிற்று. தொண்டை அசையவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் வரப்பின் ஓரமாக வந்த தம்பி பொண்டாட்டி ருக்குமணியைக் கூப்பிட்டாள். புருஷன் போட்ட சபதம் புருஷனோடு என்று நினைக்கிறவள் ருக்குமணி, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நாத்தனாரிடம் பேசிவிடுவாள்.

"அவனும் கத்தரிக்கா திங்கறானா ருக்கு?"

"சந்தையில வாங்குனேனுங் நங்கை. உங்க தோட்டத்துதுன்னு சொல்லலை. வேற காய் எங்கீங் இருக்குது?"

"தாகம்?"

"ஆருக்குத்தான் இருக்குது?" என்றாள் ருக்குமணி. அப்புறம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று செருப்பைத் தேய்த்துவிட்டுச் சொன்னாள். "நாங்க கெளம்பறமுங் நங்கை. பல்லடத்துக்கு அக்கட்ட ஒரு கோழிப்பண்ணையில ரெண்டு பேருத்துக்கும் வேலை, தங்க ஊடும் குடுக்கறாங்க. வர்ற பொதங்கெழமை வண்டி வருது. காட்டை அப்புடியே போட்டுட்டுப் போறோம்."

மயிலாத்தாள் அன்றைக்குச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து பானையில் ஊற்றவில்லை, வழியிலேயே கை தவறிக் கொட்டிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகிறவன் ஒருவாய்த் தண்ணீர் குடிக்காமல் போனால் பிறகு எந்த முகத்தோடு திரும்பி வருவான், நாளைக்கு அவள் செத்துக்கிடந்தாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தானே போவான். மூன்று வருஷமாக எதைத் தன் பக்கத்துச் சாட்சியாக நம்பினாளோ அந்தத் தாகத்தைத் தானே டேங்கில் கட்டிச் சுமந்து, தானே காயாக விளைவித்து, தானே கூடையில் சுமந்துபோய் விற்று, தானே தீர்த்துக்கட்டியிருக்கிறாள். அன்றைக்குக் கொட்டியதுதான் பானையில் இருந்த கடைசிச் செம்பு. அன்றிலிருந்து அவள் வரப்புக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் கிட்டுசாமியிடம், "செடியைப் புடுங்கப் போறேனுங்" என்றாள்.

"காய்க்கற செடியவா?"

"ஆமாங். அந்தக் காய் போச்சுன்னா ரெண்டு நாள்ல தாகம் வந்துரும். நேத்துத் திங்காத ஆளுக்கெல்லாம் வெடியாலயே நாக்கு ஒட்டுதாமா. பொதங்கெழமைக்குள்ள அவனுக்கு வரோணும்."

கிட்டுசாமி எழுந்து உட்கார்ந்தார். போர் போடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான், அதை அவர் மறக்கவில்லை. "உன்ற இஷ்டம்" என்றார். "என்னால எந்திரிச்சு வர முடியாது."

பிடுங்குவது சுலபமாக இல்லை. தண்ணீரே குடிக்காத செடி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ தெரியவில்லை, ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டிய மாடுபோல் எதிர்த்து இழுத்தது, காம்பு முள் குத்தி உள்ளங்கை கிழிந்தது. பதினோரு செடி பிடுங்குவதற்குள் விஷயம் ஊருக்குப் போய், வண்டித்தடத்தில் ஆள் கூடிவிட்டது. காளியண்ணன்தான் முன்னால் நின்றார்.

"மயிலாத்தா, நில்லு. உனக்குத் தம்பி ஒருத்தன். இங்க தொண்டை முந்நூறு இருக்குது. லாரியும் நின்னு போச்சு. தாகம் திரும்பி வந்தா நாங்க எதைக் குடிக்கறது? உன்ற கண்ணீரையா?"

"மறுபடியும் லாரி கேக்கலாமுங்."

"கேட்டு, எழுதி, வந்து பாத்து, மறுபடியும் வர்றதுக்குள்ள ஊருல பாதி போயிருக்கும். கைக்கொளந்தைக இருக்குதுக, தெரியுமில்ல?"

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டவும் அவர்களுக்குத் தெம்பில்லை. வெயிலில் வரிசையாக நின்று, "உடு மயிலாத்தா", "வேண்டாம் ஆத்தா" என்று கெஞ்சினார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டாவது செடியின் மேல் கையை வைத்தாள், இழுக்கவில்லை. அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்து அசதியும் ஒன்றாக வந்து அவள் தோளில் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது. இனிமேல் எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று இருந்தது.

அப்போது அத்தியப்பன் வரப்பைத் தாண்டி வந்தான். மூன்று வருஷத்தில் அந்தப் பக்கத்து மண்ணில் அவன் கால் படுவது அதுதான் முதல்தரம். கூட்டம் விலகிக்கொண்டது. அவன் பிடுங்கிப் போட்ட செடிகளைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான்.

"எதுக்குக்கா புடுங்கற?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அக்கா என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அவள் உள்ளதைச் சொன்னாள்.

"உனக்குத் தாகம் எடுக்கட்டும்னுதான் சாமி."

"எடுத்தா?"

"எடுத்தா ஒருநாளில்லாட்டி ஒருநாள் குடிச்சிருப்பே. தாங்கமாட்டாம குடிச்சிருப்பே."

நாற்பது வயதுக்காரன், மெலிந்துபோய், தாடியில் பாதி நரை, அவனும் அன்றைக்கு எதையோ சுமந்துகொண்டு நிற்கிறவன்போல்தான் இருந்தான். "நான் தாங்கியிருப்பேன்" என்றான். "இன்னும் பத்து வருசம்னாலும் தாங்கியிருப்பேன். உனக்குத் தெரியாதா என்னைய?"

"தெரியும்" என்றாள் அவள்.

"பொறவு?"

அவன் குனிந்து அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். பிறகு அவள் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். சாய்ந்து சாய்ந்து அவள் பின்னால் ஓடினாள், கூட்டமும் அவள் பின்னால் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நிலைப்படியை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தண்ணி குடு" என்றான் அத்தியப்பன்.

அவனுக்குத் தாகமில்லை. அது அவளுக்கும் தெரியும், அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மயிலாத்தாள் அடுப்படிக்கு ஓடினாள். நல்ல தண்ணீர்ப் பானை கவிழ்ந்து கிடந்தது, லாரித் தண்ணீர் தீர்ந்துபோன அன்றைக்கு அவளேதான் கவிழ்த்து வைத்தாள். டிரம்மில் இருந்ததெல்லாம் தெளித்துத் தீர்ந்து வாரக்கணக்காயிற்று. "ஒரு செம்பு நல்ல தண்ணி ஆராச்சும் குடுங்களே" என்று வாசலுக்கு வந்து கத்தினாள். அவளைத் தடுக்க வந்த ஊர் அதைக் கேட்டுக் கலைந்து நாலா பக்கமும் ஓடியது. வீடுவீடாகப் போய்ப் பானையைப் பார்த்தார்கள், குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்துத் தொட்டியைப் பார்த்தார்கள், கோயில் தீர்த்தக் கிண்டியைக்கூட ஆட்டிப் பார்த்தார்கள். காளியண்ணன் கடையில் டீக்கே உப்புத் தண்ணீர்தான். முந்நூறு பேர் இருக்கும் ஊரில், ஒரு மனுஷன் வாயில் ஊற்றுகிற மாதிரி ஒருவாய்த் தண்ணீர் இல்லை. வெறுங்கையோடு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள்.

மயிலாத்தாள் வேகவேகமாக எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் சுற்றிவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தபோது, அத்தியப்பன் நிலைப்படியில் இல்லை. அடுப்படியில், பாத்திரம் கழுவ வைத்திருந்த உப்புத் தண்ணீர் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஈயப் போசியில் மொண்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், அது பொழங்கற தண்ணிடா!"

அவன் வாயில் வைத்தான். ஒரு மாசத்துக்கு மேல் தண்ணீரே இறங்காத தொண்டை அதை வாங்கிக்கொள்ளவில்லை. புரையேறியது, மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். அவள் ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டினாள், சின்னவயதில் தட்டுவதுபோல் தட்டினாள். "போதும் உடு, பல்லுல பட்டுது, போதும்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். மருந்து குடிக்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மடக்காக, தொண்டைக்கு வழி சொல்லிக்கொடுத்து இறக்குவதுபோல் இறக்கி, போசியைக் கடைசி வரைக்கும் குடித்து முடித்தான். வாசலில் நின்ற ஊர் அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கரிக்குதாடா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"கரிக்குது" என்றான். வாயைத் துடைத்துக்கொண்டு போசியை அவளிடம் நீட்டினான். "இன்னொண்ணு ஊத்து."